கணக்கில் வராத கைகள்

தோழரே! கடலூர்ப் பழைய நகரத்துத் துறைமுகத்தை வைகறையில் கண்டிருப்பீர். படகு கரை சேர்கிறது, மீன் குவிகிறது, ஏலக்குரல் முழங்குகிறது. கூடையைத் தலையில் ஏற்றி, நீர் சொட்டச் சொட்ட விரைகிறாளே ஒரு தாய், அவளையும் கண்டிருப்பீர். சிதம்பரத்துப் பக்கம், வீராணத்து நீர் பாயும் வயலிலே, முதுகு வளைய நாற்று நடுகிறவளையும் கண்டிருப்பீர். கண்டோம், ஆனால், கணக்கிலே சேர்த்தோமா?

அவள் வீட்டு வாயிலுக்குக் கணக்கெடுக்க ஒருவர் வருகிறார்.

“உமக்கு என்ன தொழில்?”

“கூலி வேலைங்க.”

“உம் மனைவிக்கு?”

“அவளா? வீட்டிலே சும்மாத்தான் இருக்கிறாள்!”

சும்மா! கோழி கூவுமுன் எழுந்தவள், நீர் சுமந்தவள், அடுப்பெரித்தவள், ஆட்டுக்குத் தழை ஒடித்தவள், வயலிலே நின்றவள் சும்மா இருக்கிறாளாம்! ஏட்டிலே அப்படியே ஏறுகிறது. ஏட்டில் இல்லாதவளுக்குத் திட்டத்தில் இடமேது? திட்டத்தில் இல்லாதவளுக்கு நிதியேது?

இந்தச் ‘சும்மா’வைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்த பொருளியல் அறிஞர் ஒருவர் உண்டு. தேவகி ஜெயின் அவர் பெயர். 1933இல் மைசூரில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டிலே பயின்றவர், டில்லி மிராண்டா கல்லூரியிலே பொருளியல் கற்பித்தவர். பட்டம் பெற்றோம், பதவி பெற்றோம், பஞ்சணை பெற்றோம் என்று அமைந்துவிட்டாரா? இல்லை! 1970களில் இராஜஸ்தான், மேற்கு வங்காளச் சிற்றூர்களில் அவர் நடத்திய ஆய்வு, ஆணும் பெண்ணும் எந்த வேலையில் எத்தனை மணி நேரம் செலவிடுகின்றனர் என்று அளந்தது. வேலையற்றவர் என்று ஏடு சொன்ன பெண்கள் பலர், உழைப்பிலே மூழ்கிக் கிடந்தது வெளிப்பட்டது. பொய் சொன்னவள் அவளல்லள்; ஏடுதான்!

அந்த உண்மையை அவர் உலக மன்றத்திற்கும் கொண்டு சென்றார். 1984இல் பெங்களூரில், ஏழை நாடுகளின் பெண் அறிஞர்களைக் கூட்டினார். ‘டான்’ என்ற அமைப்பு பிறந்தது. விடியல் என்பது அதன் பொருள். மறு ஆண்டு நைரோபியில் நடந்த ஐக்கிய நாடுகள் மகளிர் மாநாட்டிலே, வளர்ச்சி யாருக்கு என்ற வினாவை அது எழுப்பியது. தான்சானியாவின் தலைவராயிருந்த ஜூலியஸ் நைரேரே தலைமையில் 1987இல் அமைந்த தெற்கு ஆணையத்திலும் தேவகி ஜெயின் உறுப்பினர். 2006இல் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது.

வினா ஓயவில்லை. 2019இல் நாடெங்கும் நேரக் கணக்கு எடுத்தது அரசு. தம் வீட்டாருக்காகக் கூலியின்றி வீட்டுவேலை செய்யும் பெண், அதற்கென நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். அவ்வேலையில் கைவைக்கும் ஆணோ 97 நிமிடம்!

பிறரைச் சுட்டும் விரலை என் பக்கம் திருப்புகிறேன், தோழரே. சிதம்பரத்திலே நான் கல்லூரியில் சேர்ந்த நாள். படிவத்திலே ஒரு கட்டம்: தாயின் தொழில். ‘இல்லை’ என்று எழுதினேன். அன்று நான் கட்டிய பணம், என் அன்னை நடவு நட்டுப் பெற்ற கூலி! படிப்பைப் பாதியிலே விட்டேன். அதற்காக இன்று வருந்துவதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக வருந்துகிறேன்.

2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் காஞ்சியிலே தொடங்கிற்று. இலவசம் என்று ஏளனம் செய்தனர் சிலர். திட்டத்தின் பெயரென்ன? உரிமைத் தொகை! கடன்பட்டவன், கடனில் ஒரு துளியைத் திருப்பித் தருவது கொடையாகுமா? ஆயிரம் ரூபாயால் அவள் உழைப்புக்கு விலை தீர்ந்துவிட்டது என்று நாம் மார்தட்டவும் வேண்டாம். கடன் உண்டென்று ஒப்புக்கொண்டோம், அவ்வளவே.

இன்னொரு கடனும் உண்டு. அது நம் வீட்டுக் கடன். உள்ளாட்சியிலே மகளிர்க்குச் சரிபாதி என்று 2016இல் சட்டம் வந்தது. நம் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் நடந்ததென்ன? ஊராட்சிக்குத் தலைவி, ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண், தரையிலே அமர்ந்திருந்த படத்தை 2020இல் நாடே கண்டு நாணிற்று. நாற்காலியைச் சட்டம் தந்தது. அமரவிடாமல் தடுத்தது சாதியும் ஆணவமும்!

நம் கிளைகளிலே நிலை என்ன? ஊர்வலத்திற்கு அவள் வேண்டும். வாக்குக்கு அவள் வேண்டும். வரவு செலவைப் பேசும் இரவுக் கூட்டத்திலே அவள் எங்கே? தேநீர் அடுப்படியிலே! தலைவி பெயர் பலகையில். தலைவர் வேலை கணவர் கையில். இதைச் சகித்துக்கொண்டு சமத்துவம் பேச நமக்கு நாக்கு எழலாமா?

அடுத்த கிளைக் கூட்டத்திற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணின் ஒரு நாளை, விடியல் முதல் விளக்கணையும் வரை, ஒரு தாளில் எழுதுங்கள். அருகிலே உங்கள் நாளையும் எழுதுங்கள். இரண்டையும் கூட்டத்திலே படியுங்கள். படிக்கும்போது அவளும் அங்கே அமர்ந்திருக்கட்டும், நாற்காலியிலே!