மரணத்துக்கு முன் பேசவேண்டிய பேச்சு

திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்களைத் தாங்கி நிற்கும் பெரும்பாறைக்கு அருகே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து தேகத்தை நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரை நினைவுகூரும் பழங்கல்வெட்டு ஒன்று உண்டு. தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் அதனை எழுத்துக்காகப் போற்றுவர். மரணத்தை ஒளிந்து வரும் பகைவனாகக் கருதாமல், தாமே ஆயத்தமாகி எதிர்கொண்ட ஒருவர் நம் விழுப்புரம் மாவட்டத்து மண்ணில் வாழ்ந்தார் என்பதற்காக நாம் அதனை வணங்குகிறோம்.

ஆயினும் அது துறவியின் மார்க்கம். பயிர்க்கடனும் பிள்ளைகளின் படிப்பும் பெண்ணின் கல்யாணமுமாகச் சம்சார பாரத்தைச் சுமக்கும் கிருகஸ்தருக்கு, கடும் உபவாசத்தின் எல்லையைத் தாமே கண்டு அதனைக் கைவிட்ட புத்தர் பெருமானின் நடுவழியே அணுக்கமானது என்பது நம் அபிப்பிராயம்.

பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் நகுலமாதா என்னும் இல்லத்தரசியின் வரலாறு வருகிறது. கணவர் கடும் நோயில் கிடக்கையில், சஞ்சலத்தோடு மரிப்பது துக்கம் என்றும், பெருமான் அதனை நல்லதென்று சொல்லவில்லை என்றும் எடுத்துரைத்து, அவர் நெஞ்சை அரிக்கக்கூடிய கவலைகளை ஒவ்வொன்றாகத் தானே வெளியே எடுத்து வைக்கிறாள் அந்த அம்மாள். பருத்தி நூற்கவும் கம்பளி மயிரைச் சிக்கெடுக்கவும் தனக்குத் தெரியும், அதைக்கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுவேன் என்கிறாள். வேறொரு வீடு புகமாட்டேன் என்கிறாள். சங்கத்தைத் தரிசிப்பதிலும் சீலத்திலும் சித்த சாந்தியிலும் தர்மத்தின்மீதுள்ள உறுதியிலும் குறை வைக்கமாட்டேன் என்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கையிலேயே கணவரின் நோய் தணிந்ததாம். அது தணிந்திராவிட்டாலும் அவர் நிம்மதியாகவே போயிருப்பார் என்பதுதான் நமக்கு முக்கியம். இந்தத் தைரியம் அவளுக்கு அன்றைக்குத் திடீரென்று வந்ததன்று. உழைத்து ஈட்டுதல், ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து செலவிடுதல் என்று தீகஜாணு என்பவருக்குப் பெருமான் உபதேசித்த இல்லற ஒழுங்கு முன்பே அமைந்த வீட்டில்தான் அப்படியொரு பேச்சு பிறக்கும்.

நம் ஊர்களிலோ, வியாதியின் பெயரையே நோயாளிக்கு மறைத்து, முண்டியம்பாக்கம் மருத்துவமனையிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும் அங்கிருந்து சென்னைக்குமாக அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்பதை அமங்கலம் என்று தள்ளிவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பே அவரைத் தனிமையில் தள்ளிவிடுகிறதே என்று நமக்கு ஆறாத வருத்தம்.

அவர் விருப்பத்தைச் சொல்லச் சட்டமும் இடம் தருகிறது. மீளவியலாத இறுதி நிலையில் இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. தம் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அதில் எழுதவேண்டும். மகனோ மகளோ, அந்தப் பெயருக்கு உரியவரை இன்றே அருகில் அழைத்து உட்காரவைத்து, அஞ்சுவது எது, வேண்டுவது எது, தீராத கடன் எது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மனம்விட்டுப் பேசவேண்டும். பிள்ளைகளும் பேச்சை மாற்றாமல் கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.