கிணற்றில் போட்ட காகிதம்

நட்பு நாட்டை உளவு பார்க்கலாமா என்று ஒரு கேள்வி அவ்வப்போது கிளம்புகிறது. 2013ல் எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்க உளவு நிறுவனத்தின் ரகசியக் காகிதங்களை வெளியே கொண்டுவந்தார். ஜெர்மனியை ஆண்ட மெர்கலின் கைபேசியையே அமெரிக்கா குறிவைத்தது என்று செய்தி வந்தது. நண்பர்களுக்குள் இது கூடவே கூடாது என்றார் அம்மையார். இரண்டு வருஷம் கழித்து, 2015ல், ஜெர்மன் உளவுத்துறையும் நட்பு நாடுகளை வேவு பார்த்துக்கொண்டிருந்தது அம்பலமானது. பிரான்சின் மூன்று ஜனாதிபதிகளை அமெரிக்கா ஒட்டுக் கேட்டதும் அதே வருஷம் வெளிவந்தது. பிரான்ஸ் மட்டும் யோக்கியமா? 1985 ஜனவரியில் டெல்லியில் ஒரு வழக்கு வெடித்தது. பிரதமர் அலுவலகம் வரைக்கும் ஆள் பிடித்து ரகசியக் கோப்புகளை வாங்கியிருந்தார்கள். அதில் பிரெஞ்சுத் தூதரகத்து ராணுவ அதிகாரி நாட்டைவிட்டே போக வேண்டிவந்தது. ஆக, திருடனைப் பார்த்துத் திருடன் கோபித்துக்கொள்கிற கதை இது.

இந்தச் சண்டையில் நமக்கென்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. புதுச்சேரிக்காரனுக்கு நிறையவே இருக்கிறது. நட்பு நாட்டுக்குள் புகுந்து வேவு பார்த்த கதை இந்த ஊர்த் தெருக்களிலேயே நடந்ததுதான்.

பிரிட்டனும் பிரான்சும் 1904ல் நட்பு உடன்பாடு செய்துகொண்டன. பாரதி 1908ல் இங்கே வந்தார். அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910ல் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது. ஆனால் கண்வைக்க முடிந்தது. சி.ஐ.டி. ஆட்கள் இங்கேயே தங்கிக்கொண்டு, யார் வருகிறார், யார் போகிறார் என்று எழுதி அனுப்பினார்கள். 1911 ஜூன் 17ல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது.

பார்த்துப் பார்த்தும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் என்ன செய்தார்கள்? கைக்கூலி ஒருவனை வைத்து ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்க் காகிதங்களைப் போட்டார்கள். சதி நடக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்களிடம் புகாரும் கொடுத்தார்கள். விசாரணை நீதிபதி அரவிந்தர் வீட்டுக்கு வந்து சோதனை போட்டார். அங்கே கிரேக்க, லத்தீன் புத்தகங்கள் இருந்தன. நீதிபதி அசந்துபோய், மரியாதையோடு திரும்பிப் போனார். பொய்ப் புகார் கொடுத்தவன் பிரிட்டிஷ் பகுதிக்கு ஓடிவிட்டான்.

இந்த ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது.

பார்க்க அதிகாரம் பெற்றவன் பார்ப்பதோடு நிற்பதில்லை. கண் போன இடத்துக்குப் பின்னாலேயே கையும் போகும். இது முதலாவது. அடுத்தது, அரவிந்தரைக் காப்பாற்றியது எது என்கிற கேள்வி. சட்டமா, இரண்டு அரசுகளின் நட்பா? அலமாரியில் இருந்த கிரேக்கப் புத்தகம்தான் பெரிதாக உதவியிருக்கிறது. கேம்பிரிட்ஜில் படித்த மனிதர் என்றதும் நீதிபதிக்கு மரியாதை வந்துவிட்டது. அதே காகிதம் ஒரு சேரிக் கிணற்றில் கிடந்திருந்தால் எதைப் பார்த்து மதித்திருப்பார்? சட்டிபானையைப் பார்த்தா?

கற்பனையாக ஒன்றும் கேட்கவில்லை. ஆஷ் சுடப்பட்ட அதே 1911ல்தான் குற்றப் பழங்குடிகள் சட்டம் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நமக்குப் பக்கத்துத் தென்னார்க்காட்டில் வேப்பூர்ப் பறையர்கள் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் பேர் ஏறிய சாதிகளின் கதி என்ன? கைரேகை வை, ஸ்டேஷனில் ஆஜராகு, ஊரைவிட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போ. ஐயரைக் கண்காணிக்க அவர் ஏதாவது செய்ததாகச் சந்தேகமாவது தேவைப்பட்டது. இங்கே பிறந்ததே போதும். சுதேசிகளை வேவு பார்த்த கதைக்குப் புத்தகங்கள் உண்டு, நினைவு இல்லங்கள் உண்டு. இந்தக் கதைக்கு என்ன இருக்கிறது?

சுதேசிகளில் சிலர் பேசிய சனாதனத்தோடு நமக்குத் தீராத சண்டை உண்டு. அதற்காக அவர்கள் கிணற்றில் பொய்யைப் போட்டது நியாயமாகிவிடாது. நமக்குப் பிடிக்காதவனுக்கு நடந்தாலும் அநியாயம் அநியாயம்தான்.

கிணறு பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரி 1ல் பீமா கோரேகானில் கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அதையொட்டிய வழக்கில் 16 பேர் சிறைக்குப் போனார்கள். கைதான ரோனா வில்சனின் கணினிக்குள் வெளியிலிருந்து யாரோ புகுந்து கடிதங்களை வைத்திருக்கிறார்கள் என்று, அவர் தரப்பு கேட்டுக்கொண்டபடி சோதித்த அர்செனல் என்ற அமெரிக்க நிறுவனம் 2021 பிப்ரவரியில் சொன்னது. திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் அப்படியே என்று 2022 டிசம்பரில் சொன்னது. புலனாய்வு அமைப்பு இதை ஏற்கவில்லை. ஸ்டேன் சுவாமிக்கு இந்த இரண்டாவது அறிக்கையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2021 ஜூலை 5ல், 84 வயதில், காவலில் இருக்கும்போதே செத்துப்போனார்.

அதே 2021 ஜூலையில்தான் பெகாசஸ் பட்டியல் வெளியானது. இஸ்ரேல் கம்பெனி ஒன்று அரசாங்கங்களுக்கு விற்கிற உளவு மென்பொருள் அது. பட்டியலில் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோனின் எண்ணும் இருந்தது. அவர் கைபேசியை மாற்றினார், இஸ்ரேல் பிரதமரைக் கூப்பிட்டுக் கேட்டார். நம்முடைய ஆனந்த் டெல்டும்ப்டே, தன் கைபேசியும் பெகாசசால் குறிவைக்கப்பட்டதாகத் தனக்குத் தகவல் வந்தது என்று 2019லேயே சொன்னவர். அவர் யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்? 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளன்று சரணடைந்து சிறைக்குப் போனார். வெளியே வர 2022 நவம்பர் ஆயிற்று. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கு ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது.

‘நாட்டுப் பாதுகாப்புக்கு ஒற்றர் வேண்டாமாய்யா, வள்ளுவரே ஒற்றாடல்னு தனி அதிகாரம் வச்சிருக்காரே’ என்பார்கள். வைத்திருக்கிறார். சுற்றத்தார், பகைவர் என்று பாராமல் எல்லோரையும் ஆராயச் சொல்கிறார். ஆனால் அது அரசன் பக்கம் நின்று சொன்னது. வேவு பார்க்கப்படுகிறவன் பக்கம் நின்று அதிகாரம் எழுதியது யார்? தொண்ணூறுகளில் ஃபூக்கோவைப் படித்துவிட்டுக் கண்காணிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசினோம். எங்கள் தெருவில் கூட்டம் போட்டால் மஃப்டியில் ஒருவர் டீக்கடையோரம் நின்று பெயர் எழுதிக்கொண்டு போவார். ‘அவருக்கும் ஒரு டீ சொல்லுப்பா’ என்பார் எங்கள் பெரியவர். அவர் ஃபூக்கோ படித்ததில்லை.

ஆகவே, நட்பு நாட்டை வேவு பார்க்கலாமா என்ற கேள்வியே ஆள்கிறவர்களின் கேள்வி. வேவு பார்க்கப்பட்டவனுக்குத் திருப்பிக் கேட்க வழி உண்டா என்பதுதான் நம்முடைய கேள்வி. மக்ரோனுக்கு வழி இருந்தது. அரவிந்தருக்கு அலமாரி இருந்தது. நமக்குச் சட்டம் மட்டும்தான் இருக்க முடியும். அந்தச் சட்டம் எப்படி இருக்கிறது? 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023ல் புதுச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் ஒட்டுக் கேட்க உத்தரவு போடுவது உள்துறைச் செயலர்தான், நீதிபதி இல்லை. கேட்கிறவனே உத்தரவும் போட்டுக்கொள்கிறான்.

நீதிபதியின் உத்தரவில்லாமல் ஒட்டுக் கேட்காதே. கேட்டு முடித்த பிறகாவது அந்த ஆளிடம் சொல். கைப்பற்றிய கணினியைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பும் சோதிக்க வழி செய். இவற்றை மாணவர்களும் தோழர்களும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்ப வேண்டும். டீக்கடையோரம் நிற்கிறவரும் எழுதிக்கொண்டு போகட்டும்.