நடுக்கம் மட்டுமா நோய்?

பார்க்கின்சன் நோய்க்குத் தமிழில் நடுக்குவாதம் என்று பெயர். கண்ணுக்குத் தெரிவது பெயரில் ஏறிவிட்டது. தெரியாத வலி வெளியே நிற்கிறது. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய கட்டுரையிலேயே வாதவலி பேசப்படுகிறது. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் நாம் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுபவருக்குத் தோள் இறுகி வலித்தால் பழி தறிமேல் விழும், மற்றவருக்கென்றால் வயதின்மேல். நடுக்கத்துக்கு முன்பே இந்நோய் தோள்வலியாகவும் வரக்கூடும் என்று யார் சொல்வது? மருந்தின் வேகம் அடங்கிய விடிகாலையில் பாதம் முறுக்கி இழுப்பதும் நோயின் கூறே. மருந்து வேளையைச் சீர்செய்தால் பலருக்குத் தணியக்கூடியது.

'வயசானா நோவத்தான் செய்யும்' என்பதை ஆறுதலாக ஏற்க மறுக்கிறோம். தணிக்கக்கூடிய வலியைத் தாங்கச் சொல்வது கொடுமை. நடுக்கத்தைச் சோதிக்கும் மருத்துவர் வலியையும் கேட்கட்டும்.