நாலு கேபிள், நாலு சர்வர், ஒரு ஸ்டெப்னி

மக்களே, இது பொட்டி தட்டும் சங்கத்துக்கான பதிவு. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம், உள்ள இருக்கிறது அஞ்சாங்கிளாஸ் கணக்குதான் :-)

சும்மா இருக்கிற சர்வரைப் பார்த்தா நம்ம மேனேஜர்களுக்குக் கை அரிக்கும். "நாலு சர்வர் இருக்கு, மெமரி அறுபது பர்சென்ட்கூட ஓடலை, ஒண்ணைக் கழட்டிடலாமே?" நான் பகுதிநேரமா ஆணி பிடுங்குற இடத்துலயும் இதே கேள்விதான். கேட்கிறவங்களை முழுசா குறை சொல்லவும் முடியாது. 2023 நவம்பர்ல பிராட்காம், விஎம்வேரை வாங்கினதுக்கு அப்புறம் ஒரே தடவை லைசென்ஸ் வாங்கிட்டு காலம் தள்ளற வழியை மூடிட்டாங்க. இப்போ கோர் கணக்குல சந்தா. ஒரு சர்வர் குறைஞ்சா பில்லும் குறையும்.

ஆனாலும் என் கட்சி வேற. ஹை அவைலபிலிட்டி கிளஸ்டர்ல காலியா இருக்கிற இடம் வீண் இல்ல. நாம காசு கொடுத்ததே அதுக்குத்தான்.

இதைப் புரிஞ்சிக்க நான் படிக்கிற ஆக்லாந்தைவிட நல்ல ஊர் கிடையாது. 1998ல இந்த நகர மையத்துக்கு மெர்க்குரி எனர்ஜி நிறுவனம் நாலு நிலத்தடி கேபிள் வழியா கரண்ட் கொடுத்துட்டு இருந்துச்சு. ஒவ்வொண்ணும் 110 கிலோவோல்ட். ஜனவரி 22ல ஒண்ணு போச்சு. விளக்கு எரிஞ்சுது. பிப்ரவரி 9ல இன்னொண்ணு. அப்பவும் எரிஞ்சுது. 19ல மூணாவது, 20ல நாலாவது. அவ்ளோதான், நகர மையம் இருட்டு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல சாமி, சுமார் அஞ்சு வாரம்! ஆபீஸெல்லாம் புறநகருக்கு மூட்டை கட்டுச்சு, தெருவெல்லாம் ஜெனரேட்டர். கடைசியில அவசர அவசரமா ஒரு தற்காலிக மேல்நிலைக் கம்பி இழுத்துத்தான் சமாளிச்சாங்க.

எல்லாரும் பேசுறது அந்த அஞ்சு வாரத்தைப் பத்தி. எனக்கு முக்கியமாப் படறது அதுக்கு முந்தின 29 நாள். முதல் கேபிள் போனதுக்கும் கடைசி கேபிள் போனதுக்கும் நடுவுல இருந்த நாட்கள். வெளியில பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஸ்டெப்னி ஏற்கெனவே மாட்டியாச்சு. மீதி கேபிள்கள் மேல சுமை கூடிச்சு. அந்த வருஷம் இங்க சரியான வெயில், வறட்சி. புதைச்ச கேபிள் தன் சூட்டை மண்ணு வழியாத்தான் இறக்கணும், காய்ஞ்ச மண்ணு சூட்டைச் சரியா கடத்தாது. பேப்பர்ல எழுதியிருக்கிற கொள்ளளவு வேற, மண்ணுக்குள்ள கிடைக்கிற கொள்ளளவு வேற.

இப்போ நம்ம சர்வருக்கு வருவோம். ஒவ்வொண்ணுலயும் 256 ஜிபி மெமரி, மொத்தம் 1024. ஓடுறது 600ன்னு வைங்க. ஒரு சர்வர் படுத்தா மீதி 768. தாங்கும். மேனேஜர் பேச்சைக் கேட்டு ஒண்ணைக் கழட்டினா மூணு சர்வர், 768 ஜிபி, 78 பர்சென்ட் ஓடும். "ஆஹா, என்ன ஒரு சிக்கனம்!" அப்புறம் ஒண்ணு படுத்தா மிச்சம் 512தான். 600ஐ அதுல எப்படிங்க திணிக்கிறது? ஒண்ணு, சில மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இல்லன்னா எல்லாமே எழுந்து, மெமரி பத்தாம டிஸ்க்ல ஸ்வாப் ஆகி ஆமை மாதிரி நகரும்.

"அட்மிஷன் கண்ட்ரோல் ஆன்ல இருக்கே"ன்னு சிலர் தெம்பா இருப்பாங்க. விஎம்வேர்ல அது பார்க்கிறது ரிசர்வேஷனை, நிஜமா ஓடுற அளவை இல்ல. ரிசர்வேஷன் எதுவும் வைக்கலன்னா அது கிட்டத்தட்ட எல்லாத்தையும் உள்ள விட்டுடும். கேட்ல வாட்ச்மேன் இருக்கார், ஆனா தூங்கறார்.

இன்னொரு விஷயம். பேட்ச் போட ஒரு சர்வரை மெயின்டனன்ஸ்ல வைக்கிறோமே, அந்த நேரம் நாமளே விரும்பிப் போய் நிக்கிற ஜனவரி 22. அப்போ இன்னொண்ணு போனா? அதனால கேள்வி "ஒண்ணு போனா தாங்குமா"ங்கிறதோட முடியறதில்ல. போனதைச் சரி பண்ண எத்தனை நாள் ஆகும், அதுவரைக்கும் தாங்குமாங்கிறதுதான் முழுக் கேள்வி. உலகத்தோட கடைக்கோடியில இருக்கிற நியூசிலாந்துக்கு ஒரு மதர்போர்டு வந்து சேர எவ்ளோ நாள்னு கேட்டுட்டு அப்புறம் சிக்கனம் பேசலாம்.

எண்ணிக்கை மட்டும் போதுமான்னா, அதுவும் இல்ல. 2014 அக்டோபர் 5ல இதே ஆக்லாந்துல பென்ரோஸ் துணைமின் நிலையத்துல தீ. பல கேபிள்கள் ஒரே பள்ளத்துல படுத்திருந்துச்சு. 75,000க்கும் மேல இணைப்புகள் போச்சு. நாலு சர்வரும் ஒரே ரேக், ஒரே ஸ்டோரேஜ், ஒரே யுபிஎஸ்னா அது நாலு இல்ல மக்களே, ஒண்ணுதான்.

1998க்கு அப்புறம் பென்ரோஸ்ல இருந்து நகர மையத்துக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல சுரங்கம் தோண்டி அதுல கேபிள் போட்டாங்க. அந்தச் செலவோட ஒப்பிட்டா ஒரு எக்ஸ்ட்ரா சர்வர் சுண்டைக்காய். சிக்கனம் பண்ணியே ஆகணும்னா யாரும் தொடாத பழைய மெஷின்களை அணைங்க, தேவைக்கு மேல மெமரி கொடுத்ததைக் குறைங்க. ஸ்டெப்னியை மட்டும் வித்துடாதீங்க.

டிஸ்கி: உங்க ஆபீஸ்ல சர்வரைக் கழட்டினவங்க, கழட்ட விடாம தடுத்தவங்க, ரெண்டு பேரும் பின்னூட்டத்துல கணக்கோட வாங்க. கும்மி அனுமதி உண்டு ;-)