ஓடும் வண்டியும் நிற்கும் தூரமும்

நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் கிடைப்பது விசை என்று உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் பிழையின்றி ஒப்பிப்பர். 1687ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட இயக்க விதிகளுள் இரண்டாவதன் சாரம் இதுவே. ஆயினும், இவ்விதி தேர்வுத்தாளோடு நின்றுவிடுமாயின் அதனால் விளையும் பயன் சிறிதே. மும்பை போன்ற நகரில் அது உயிர்காக்கும் அறிவாகவும் அமைதல் வேண்டும்.

தாராவியின் மேற்கே ஓர் இருப்புப்பாதையும் கிழக்கே மற்றோர் இருப்புப்பாதையும் செல்கின்றன. மாதுங்காவில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய பணிமனை உள்ளது. செம்பூர் துறைமுகப் பாதையில் அமைந்த நிலையமாகும். 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியதும் இந்நகரிலேதான். இத்தகைய சூழலில் வளரும் சிறுவருக்கு ரயில் புதுமையன்று. அப்பழக்கமே அச்சத்தைப் போக்கிவிடுகிறது. பாதையைக் குறுக்கே கடப்போர் பலர் ஆண்டுதோறும் இந்நகரில் உயிரிழக்கின்றனர். ஓட்டுநர் கண்டால் வண்டியை நிறுத்திவிடுவார் என்னும் எண்ணம் எளிதில் எழக்கூடியது. அது பொய்யென்பதைக் காட்டவல்லது மேற்கூறிய விதியே.

மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர், வேகத்தில் 500 டன் நிறையுள்ள வண்டி ஒன்று வருவதாகக் கொள்வோம். பிரேக் பிடித்தபின் அதன் வேகம் வினாடிதோறும் 0.8 மீட்டர் வீதம் குறையுமாயின், அது நிற்பதற்கு 25 வினாடி ஆகும். அதற்குள் அது கடக்கும் தூரம் 250 மீட்டர். பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட வண்டியின் முழு நீளத்துக்கு இது ஏறத்தாழச் சமம். இதற்கு வேண்டிய தடைவிசை 4 லட்சம் நியூட்டன். பயணிகளின் நெருக்கத்தால் நிறை 600 டன்னாக உயர்ந்து, தடைவிசை மட்டும் மாறாதிருப்பின், நிற்கும் தூரம் 300 மீட்டராகிவிடும். சுமைக்கேற்பத் தடைவிசையைக் கூட்டும் அமைப்பு இருப்பினும், எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. மழையில் அது மேலும் குறையும். ஓட்டுநரின் கருணையால் இக்கணக்கு மாறுவதில்லை.

ஆகவே, இப்பாடத்தைக் கரும்பலகையில் தொடங்குவதைவிடப் பள்ளி முற்றத்தில் தொடங்குவதே சிறந்தது. சக்கரங்கள் எளிதில் உருளும் சிறு வண்டி ஒன்றில் சுருள்வில் தராசைக் கட்டி, முள் ஒரே அளவைக் காட்டுமாறு சமதரையில் இழுக்கச் செய்யலாம். முதலில் வெறும் வண்டியும், பின்னர் செங்கல் ஏற்றிய வண்டியும் 5 மீட்டர் கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். நிறை மிகுந்தால் முடுக்கம் குறைவதை மாணாக்கர் கண்ணாரக் காண்பர். கிளப்புவதற்கு அரிதான வண்டி நிறுத்துவதற்கும் அரிது என்பதை அவர்களே உணர்வர். உராய்வும் விசையின் ஒரு பங்கைக் கவர்கிறது என்பதை ஆசிரியர் அப்பொழுதே எடுத்துரைத்தல் நலம். இல்லையேல், சீராக ஓடுவதற்கே விசை தேவை என்னும் பழைய மயக்கம் நீங்காது.

குடியிருப்புகளில் தொண்டாற்றும் களப்பணியாளருக்குச் சூத்திரம் தேவையில்லை. போக்குவரத்தில்லாத தெருவொன்றில் 250 மீட்டரை அளந்து, மக்களை அத்தூரம் நடக்கச் செய்தாலே போதும். நடந்து முடிக்க மூன்று நிமிடமளவு ஆகும். வண்டிக்கோ 25 வினாடியே.

நடைமேம்பாலங்களும் வேலிகளுமே முதற்பாதுகாப்பு என்று சிலர் கூறுவர். அது முற்றிலும் உண்மை. பாலம் அமைக்கும் பொறுப்பைப் பாடம் ஏற்க இயலாது. எனினும், பாலம் இருந்தும் பாதையில் இறங்குவோரைத் தடுப்பது அறிவு ஒன்றே. பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பதும் பொருந்தாது. இதற்கு வேண்டுவது ஒரு மணி நேரமே. விதியை ஒப்பிக்கும் மாணாக்கன் தண்டவாளத்தின் ஓரத்தில் அதை நினைந்து நிற்பானாயின், அதுவே பௌதிக ஆசிரியர் பெறும் மெய்யான வெற்றியாகும்.