ஒளியின் செல்வமும் கதையின் வறுமையும்

படம் அழகாயிருக்கிறது, ஆகவே அது நல்ல படம் என்னும் வாதம் நம் மாணவரிடையே வேரூன்றி வருகிறது. அவர்களுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் சிலரும் அதற்குத் தலையசைக்கின்றனர். இவ்வாதத்தை நாம் மறுக்கின்றோம். மறுப்பதற்கு 2007 டிசம்பரில் வெளிவந்த 'பில்லா'வை எடுத்துக்கொள்வோம். அழகைக் காட்டித் தப்பித்துக்கொண்ட குற்றப்படங்களுக்கு அது தக்க சான்று.

அதற்குரிய பாராட்டை முதலிலேயே குறைவின்றிக் கொடுத்துவிடுவோம். விஷ்ணுவர்தன் இயக்கிய அப்படத்தில் நீரவ் ஷாவின் ஒளிப்பதிவு தேர்ந்த கைவண்ணம். கறுப்பும் சாம்பலுமாக அடக்கிய வண்ணங்கள், வானளாவும் கண்ணாடிக் கட்டடங்கள், அஜித்குமாரின் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் நிதானமான நடையும் கண்ணைக் கட்டிப்போடுகின்றன. திறமையை இகழ்வது முற்போக்கு ஆகாது.

ஆனால், கதை? 1978இல் சலீம்–ஜாவேத் இருவரும் இந்திக்கு எழுதிய 'டான்', 1980இல் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா' ஆயிற்று. அதுவே புத்தாடை புனைந்து மீண்டும் வந்தது. கொள்ளைத் தலைவன் இறக்கிறான்; அவன் முகச்சாயலுடைய ஒருவனைப் போலீஸ் அதிகாரி அவனிடத்தில் அமர்த்துகிறார். எஞ்சியவை துரத்தலும் துப்பாக்கிச் சூடும். இவன் எதனால் குற்றவாளியானான்? இவன் செல்வத்தால் அழிந்த குடும்பங்கள் எவை? விடையில்லை என்பது மட்டுமன்று, வினாவே இல்லை. வினா எழவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு மோட்டார் வண்டி பளபளத்துக்கொண்டு வந்து நிற்கிறது.

கதை நிகழும் நாடு மலேசியா. ஸ்பிரிங்வெளியில் வாழும் நமக்கு அது அந்நிய நாடன்று. நமுனுகுல மலைப்பக்கத்தே கொழுந்து பறிக்க நம் மூதாதையரைக் கொண்டுவந்த அதே கங்காணி முறைதான், மலாயாவில் ரப்பர்ப் பால் வெட்டவும் தமிழரைக் கொண்டுசென்றது. அந்த மக்களின் பத்துமலை முருகன் சந்நிதிக்கு இப்படம் ஒரு பாட்டுக்காகப் போகிறது, ஆடிவிட்டுத் திரும்பிவிடுகிறது. படம் வெளிவருவதற்கு மூன்று வாரத்துக்குள், 2007 நவம்பர் 25ஆம் நாள், அதே பத்துமலையில் கூடிய தமிழர்மீது போலீசார் தண்ணீர் பீய்ச்சினர், கண்ணீர்ப்புகை வீசினர். தம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து கைவிட்ட பிரிட்டிஷ் அரசே பொறுப்பென்று மனுக்கொடுக்கத் திரண்டவர்கள் அவர்கள். அந்நாளைப் படம் காட்டவில்லையென்று நாம் குறைகூறவில்லை. ஆனால், அந்நாளை விளைவித்த வறுமை ஓரிரவில் முளைத்ததன்று. படம் எடுத்தவர்கள் சென்ற நாட்டில் அது அப்போதும் இருந்தது. கோபுரச் சிலையைக் கண்ட காமிரா, அதன் அடியில் நின்ற மனிதரைக் காணவில்லை.

குற்றப்படத்தில் சமூகம் எதற்கென்று கேட்போர் உளர். அவர்களுக்கு 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' விடை கூறும். அதில் பாட்டே இல்லை. மாருதிராவின் ஒளியும் நிழலும் 'பில்லா'வின் பகட்டுக்குச் சிறிதும் இளைத்தவையல்ல. ஆனால், ஒவ்வொரு நிழலும் ஒரு கேள்வியைச் சுமந்து நிற்கிறது. தன் ஆராய்ச்சிக்கு நாட்டில் ஆதரவில்லையென வெறுத்த ரேடியோ எஞ்சினியர் எவ்வாறு நாட்டையே விற்கத் துணிந்தான் என்பதை அப்படம் ஆராய்கிறது. 2016இல் பா. ரஞ்சித் எடுத்த 'கபாலி'யோ, குறைகள் பல உடையதேனும், மலேசியக் குற்றவுலகின் வேரைத் தோட்டத்துக் கூலிப் போராட்டத்திலே தேடிற்று. ஆகவே, முடியாதென்பது பொய். மனமில்லை என்பதே மெய்.

காரணம் சொல்லாது குற்றத்தை மட்டும் அழகாகக் காட்டும் படம் யாருக்குப் பயன்படுகிறது? வறுமையை உண்டாக்கியவர்களுக்கே பயன்படுகிறது. லயத்து இளைஞனுக்கு அது கறுப்புக் கண்ணாடியைத் தருகிறது. தன் நிலையைக் காணும் கண்ணைத் தருவதில்லை.

ஆசிரியத் தோழர்களே, உங்கள் மாணவர் இத்தகைய படங்களைப் புகழ்ந்து பேசும்போது தடுக்காதீர்கள். ஒளிப்பதிவின் நுட்பத்தையும் சேர்த்தே கற்பியுங்கள். பின்னர், இக்குற்றத்தில் இழந்தவர் யார், அவர் ஏன் படத்தில் இல்லை என்று கேளுங்கள். அக்கேள்வியை ஆயிரம் பேர் கேட்கத் தொடங்கினால், நல்ல ஒளிப்பதிவாளருக்கு நல்ல கதை கொடுக்கவேண்டிய நெருக்கடி படமுதலாளிகளுக்கு வந்தே தீரும்.