வாடகைக் குடியிருப்பில் காஸ் கசிந்தால் யார் பொறுப்பு? அமெரிக்காவின் 'மாஸ்டர் மீட்டர்' விதி சொல்வது என்ன?

அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில் உள்ள சில்வர் ஸ்பிரிங் நகரம். 2016 ஆகஸ்ட் 10, நள்ளிரவை நெருங்கும் நேரம். 'ஃபிளவர் பிராஞ்ச்' என்ற வாடகை அடுக்குமாடிக் குடியிருப்பில் காஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே குடியிருந்தவர்களில் பலர் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தினர்.

விபத்தை விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-ல் காரணத்தைச் சொன்னது. கட்டடத்துக்குள் இருந்த மீட்டர் அறையில், காஸ் அழுத்தத்தைக் குறைக்கும் பழைய பாதரச ரெகுலேட்டர் பழுதாகியிருந்தது. அதிலிருந்து காஸை வெளியே கொண்டுபோக வேண்டிய குழாய் இணைக்கப்படாமல் இருந்தது. கசிந்த காஸ் அறைக்குள்ளேயே தேங்கியது. வாசனையை வைத்துச் சட்டெனக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் அந்தக் கருவி இருந்ததும் ஒரு காரணம் என்றது வாரியம்.

ரெகுலேட்டர் காஸ் நிறுவனத்துடையது. அறை இருந்ததோ வாடகைக் கட்டடத்துக்குள். ஆபத்தில் இருந்தவர்கள் வாடகைதாரர்கள். அப்படியென்றால், குழாயைச் சோதிக்க வேண்டியது யார்?

பதில் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: மீட்டர் எங்கே இருக்கிறது?

ஹவுஸ் ஓனர் எப்போது 'பைப்லைன் நிறுவனம்' ஆகிறார்?

அமெரிக்காவில் காஸ் குழாய்களுக்கான மத்திய அரசுச் சட்டம் 1968-ல் வந்தது. இப்போது அதைச் செயல்படுத்துவது போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள பைப்லைன் பாதுகாப்பு அமைப்பான 'ஃபெம்சா'. பெரும்பாலான மாகாணங்களில் களச் சோதனையை மாகாண அதிகாரிகளே செய்கிறார்கள்.

வழக்கமான ஏற்பாட்டில், ஒவ்வொரு வீட்டுக்கும் காஸ் நிறுவனமே தனி மீட்டர் வைக்கும். மீட்டர் வரை நிறுவனத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகு உள்ள குழாய், கட்டட உரிமையாளரின் பொறுப்பு.

ஆனால், பழைய குடியிருப்பு வளாகங்கள் பலவற்றில் கதையே வேறு. வளாகத்தின் நுழைவாயிலில் ஒரே ஒரு பெரிய மீட்டர்தான் இருக்கும். அங்கே காஸை மொத்தமாக வாங்கும் உரிமையாளர், தன் சொந்தக் குழாய்கள் வழியாக வீடுகளுக்கு அனுப்புவார். இதுதான் 'மாஸ்டர் மீட்டர்' முறை. அடுக்குமாடி வளாகம், அரசு குடியிருப்பு, மொபைல் ஹோம் பார்க் ஆகிய மூன்றையுமே விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

"எங்க வீட்டுல காஸுக்குத் தனி பில்லே கிடையாது, வாடகையிலேயே சேர்த்தாச்சு" என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. துணை மீட்டர் வைத்துப் பணம் வாங்கினாலும், வாடகையோடு சேர்த்து வாங்கினாலும், அது காஸ் விற்பனைதான் என்கிறது விதி. அந்த நொடியில் ஹவுஸ் ஓனர் வெறும் ஹவுஸ் ஓனர் இல்லை. சட்டத்தின் பார்வையில் ஒரு பைப்லைன் நிறுவனம்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. உரிமையாளர் காஸை ஒரு பொது பாய்லரில் எரித்து, வீடுகளுக்கு வெந்நீரும் வெப்பமும் மட்டும் தந்தால், காஸைப் பயன்படுத்துபவர் அவர்தான், விற்பவர் இல்லை. குழாய் முழுவதும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தாலும் பொதுவாக இந்த விதி பொருந்தாது. அங்கே கட்டட விதிகள்தான். மண்ணுக்கு அடியிலோ வெளியிலோ குழாய் ஓடி, வாடகைதாரரின் அடுப்பு வரை காஸ் போனால், மத்திய விதி வந்துவிடும்.

சிலிண்டர் காஸுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. ஒரே தொட்டியிலிருந்து 10 அல்லது அதற்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குக் குழாயில் எல்பிஜி போனால், அதுவும் பைப்லைன் விதிக்குள் வரும்.

உரிமையாளர் என்னென்ன செய்ய வேண்டும்?

பட்டியல் சின்னதல்ல. முக்கியமானவை இவை:

• பராமரிப்புக்கும் அவசர நிலைக்கும் எழுத்து வடிவில் திட்டம் இருக்க வேண்டும்.

• கருவி வைத்துக் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். வணிகப் பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற இடங்களில் 5 ஆண்டுக்கு ஒருமுறை. துருத் தடுப்பு இல்லாத இரும்புக் குழாய் என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை.

• புதைத்த இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க, சிறிய மின்னோட்டம் கொடுத்துப் பாதுகாக்கும் ஏற்பாடு இருந்தால், அது வேலை செய்கிறதா என்று தொடர்ந்து சோதிக்க வேண்டும்.

• காஸில் கலக்கப்படும் வாசனைப் பொருள் போதுமான அளவு இருக்க வேண்டும். வெடிக்கக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு காஸ் காற்றில் கலந்தாலே, சாதாரண மூக்குக்குத் தெரிய வேண்டும்.

• குழாய் வேலையைத் தகுதி பெற்ற ஆட்களே செய்ய வேண்டும்.

• கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, யாரை அழைப்பது என்று வாடகைதாரர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை தகவல் தர வேண்டும்.

கடைசி விதி வாடகைதாரருக்கு நேரடியாகப் பயன்படுவது. மாஸ்டர் மீட்டர் வளாகத்தில் குடியிருப்பவர் காஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளரே அல்ல. பில்லோடு வரும் எச்சரிக்கை நோட்டீஸ் அவர் கைக்கு வராது. உரிமையாளர் சொன்னால்தான் உண்டு.

ஓட்டை எங்கே?

காகிதத்தில் விதி கறாராகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சிக்கல், யார் கையில் அது இருக்கிறது என்பதில். பெரிய காஸ் நிறுவனத்தில் பொறியாளர்கள், வரைபடங்கள், 24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறை எல்லாம் இருக்கும். வாடகை வளாகத்தில் ஒரு மேனேஜரும், பிளம்பிங்கையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் ஊழியரும் இருப்பார்கள். தாங்கள் ஒரு 'பைப்லைன் நிறுவனம்' என்பதே தெரியாத உரிமையாளர்களும் உண்டு. இப்படிப்பட்ட அமைப்புகள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் உள்ளன.

சின்ன உரிமையாளர்களின் சுமையைக் குறைக்கச் சில சலுகைகள் தரப்பட்டன. ஆண்டறிக்கை தாக்கல் செய்வதிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. எந்தக் குழாயில் ஆபத்து அதிகம் என்று தாங்களே கணித்துத் திட்டமிட வேண்டும் என்ற விதியிலிருந்தும் 2021-ல் விலக்கு கிடைத்தது. அடிப்படைச் சோதனைகள் தொடர்வதால் பாதிப்பில்லை என்பது விலக்குக்கு ஆதரவான வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை: நாலு தெரு அளவுள்ள வளாகத்துக்குப் பெருநகர நிறுவனத்தின் ஆவணக் கட்டு பொருந்தாது. ஆனால் ஆண்டறிக்கையே வராதபோது, எந்த வளாகத்தில் குழாய் எவ்வளவு பழையது என்பது மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

கசிவுச் சோதனையை நவீனக் கருவிகளோடு அடிக்கடி செய்ய வைக்கும் புதிய விதியை 2023-ல் ஃபெம்சா முன்வைத்தது. 2025 ஜனவரியில் இறுதி வடிவமும் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும், அரசிதழில் வெளியாகும் முன்பே அது திரும்பப் பெறப்பட்டது.

கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. மொபைல் ஹோம் பார்க்குகளின் பழைய மாஸ்டர் மீட்டர் குழாய்களை எடுத்துவிட்டு, காஸ் நிறுவனமே வீட்டுக்கு வீடு நேரடி இணைப்பு தரும் திட்டத்தை 2015-ல் தொடங்கியது. உரிமையாளரைக் கண்காணிப்பதைவிட, பொறுப்பையே தகுதியுள்ளவரிடம் மாற்றிவிடும் வழி இது. செலவு அதிகம், ஆனால் யார் பொறுப்பு என்ற குழப்பம் தீரும்.

மீட்டருக்கு அப்பால்?

வீட்டுக்குள் இருக்கும் குழாய் பைப்லைன் விதியில் வராது. அதன் விளைவை நியூயார்க் 2015 மார்ச்சில் பார்த்தது. ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில், வாடகை வீடுகளுக்குக் காஸ் தர உரிமையாளர் தரப்பு திருட்டுத்தனமாக இணைப்பு போட்டிருந்தது. வெடிப்பில் 2 பேர் இறந்தார்கள். கட்டட உரிமையாளர், ஒப்பந்ததாரர், பிளம்பர் மூவரையும் 2019-ல் நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இதையடுத்து வந்த நகரச் சட்டப்படி, ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் வீடுகளைத் தவிர மற்ற கட்டடங்களில் 4 ஆண்டுக்கு ஒருமுறை காஸ் குழாய்ச் சோதனை கட்டாயம்.

பிரிட்டன் இன்னும் கறார். 1998-ஆம் ஆண்டு விதிப்படி, உரிமையாளர் ஒவ்வோர் ஆண்டும் பதிவு பெற்ற காஸ் பொறியாளரை வைத்துத் தன் காஸ் சாதனங்களைச் சோதிக்க வேண்டும். சான்றிதழை 28 நாள்களுக்குள் வாடகைதாரருக்குத் தர வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு, குடியேறும் முன்பே தர வேண்டும். லண்டனில் வாடகைக்கு இருக்கும் ஐடி ஊழியர் கேட்டு வாங்க வேண்டிய தாள் இது.

சோதனைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கசிவு உறுதியானால் காஸை உடனே துண்டிப்பார்கள். பழுது பார்த்து மீண்டும் இணைப்பு கிடைக்க மாதக் கணக்கில்கூட ஆகலாம். அதுவரை சமையல் மின்சார அடுப்பில்தான். "கம்ப்ளைன்ட் பண்ணா நமக்குத்தான் கஷ்டம்" என்று வாடகைதாரர்களே மௌனமாகிவிடுவது இதனால்தான். துண்டித்த காலத்துக்கு வாடகைக் குறைப்பு உண்டா என்பது விதியில் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவு தைரியமாகப் புகார் வரும்.

நம் ஊருக்கு இதில் என்ன?

சென்னை, கோவை போன்ற நகரங்களில் குழாய் காஸ் இணைப்பு பரவிவருகிறது. 2006-ஆம் ஆண்டு சட்டப்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்தான் இதற்கான பாதுகாப்புத் தரங்களை வகுக்கிறது. இங்கே பொதுவாக வீட்டுக்கு வீடு தனி மீட்டர் என்பதால், மாஸ்டர் மீட்டர் சிக்கல் அதிகம் எழாது. ஆனால், பொது ஷெட்டில் சிலிண்டர்களை அடுக்கி, குழாய் வழியாக எல்லா ஃபிளாட்டுக்கும் எல்பிஜி தரும் வளாகங்கள் இங்கும் உண்டு. மாஸ்டர் மீட்டருக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதான்.

எனவே, எந்த ஊராக இருந்தாலும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை நான்கு: மீட்டர் யாருடையது? குழாயைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? மெயின் வால்வு எங்கே? கசிந்தால் எந்த எண்ணை அழைக்க வேண்டும்?

டிடெக்டர் வாங்குவதாக இருந்தால், இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே எழும். எல்பிஜி கனமானது, தரையோடு தங்கும். அதற்கேற்ற உயரத்தில் பொருத்த வேண்டும்.

வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், ஃபேன் போடாதீர்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகே போனை எடுங்கள். அமெரிக்காவில் 911, இந்தியாவில் எல்பிஜி கசிவுக்கு 1906. மேனேஜருக்குச் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.